ஜெபராஜோட மொறை

அது இப்ப எடுக்காதுங்க. பாஸ்வேர்டு நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க, உங்க போன்லயும் ஒரு கோளாறும் இல்லை. மணி ஏழரைதானுங்களே ஆகுது. ஒம்பது வரைக்கும் ஜெபராஜோட மொறை. அதுக்கப்புறம்தான் வரும். போனை உள்ள வெச்சுட்டுச் சித்தெ உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் சரியில்லை. இதுல உக்காருங்க.

ரூம் பாக்க வர்றவங்க எல்லாருமே மொதல்ல இதத்தான் பாக்கறாங்க. தண்ணி வருமான்னு கேக்கறதில்லை, ஊட்டுக்காரம்மா எப்படின்னு கேக்கறதில்லை. வைஃபை இருக்குதுங்களான்னுதான் கேக்கறாங்க. இருக்குதுங்க. இந்த ஊட்டுக்கு அது இல்லாம ஆகாது. உள்ள போனுக்கு டவரே எடுக்காதுங்க. பின்னாடி பாத்தீங்கல்ல, ஒரு அப்பார்ட்மெண்ட்டு? அதைக் கட்டினதுலருந்து இப்படித்தான். போன்ல பேசணும்னா மொட்டை மாடிக்குப் போயித் தண்ணித் தொட்டிகிட்ட நிக்கணும். சரவணம்பட்டில மத்த எடத்துல எல்லாம் நல்லா எடுக்குது. இந்த ஊடு மட்டும்தான் இப்படி.

உங்க பேரு என்னன்னு சொன்னீங்க? கவியரசனுங்களா. நல்ல பேரு. நான் பூபதிங்க. பம்பு கம்பெனில கணக்குப் பாக்கறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? இல்லீங்களா. எனக்கும் இல்லை.

ஜெபராஜா? இல்லீங்க, அவன் இப்ப இங்க இல்லை. போயி ஒரு மழைக்காலம் முடிஞ்சு வெயில் வந்துருச்சு. நீங்க பாக்க வந்திருக்கற ரூம்லதான் இருந்தான், அவனும் இர்ஃபானும். சொல்றேங்க. ஒம்பதாகறதுக்கு இன்னும் நேரம் கெடக்குதே.

நாங்க மூணு பேருங்க. முன்னாடி ரூம் எனக்கு, பின்னாடி ரூம் அவனுக ரெண்டு பேருக்கு. ஜெபராஜ் சாத்தான்குளத்துக்காரன், ஒரு பெரிய ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கற வேலை. இர்ஃபான் ஆம்பூர்ப் பையன், கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவான். ஊட்டுலயேதான் வேலை. நெட்டு கனெக்சன் இருக்கறது என்ற பேர்லதான், பூபதிங்கற பேர்ல. அந்தா, டிவி ஸ்டாண்டு மேல இருக்குதே ரவுட்டர், அது நான் வாங்கினது. ஒயரு எல்லாம் நானே இழுத்தேன். செவுத்தோரமா கிளிப்பு வெச்சு அடிச்சிருக்கறேன், பாருங்க, ஒரு எடத்துலயாவது தொங்குதுங்களா? இல்லை. மூணு கம்ப்யூட்டருக்கு மூணு ஒயரு. நெட்டு கம்பெனில இருந்து வந்த ஆளுகூட, யாருங்க இழுத்ததுன்னு கேட்டான்.

மொதல்ல எல்லாம் தொறந்துதான் விட்டிருந்தேன். யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அப்புறம் பாத்தா, இர்ஃபான் ஒரு ஆல்பத்தை அனுப்ப ஆரம்பிச்சான்னா எனக்கு ஒரு போட்டோகூடத் தொறக்காதுங்க. சுத்திட்டே கெடக்கும். ஜெபராஜ் சம்சாரத்துகிட்டப் பேசுவான், ராணின்னு பேரு, குவைத்துல நர்ஸு. அவ மூஞ்சி பாதில நின்னு போயிரும், வாய் மட்டும் அசையுமாம். அவன் வந்து எங்கிட்டச் சொல்லுவான், இர்ஃபான் வந்து எங்கிட்டச் சொல்லுவான். கனெக்சன் என்ற பேர்ல இருக்கறதால நாந்தான் தீர்த்து வெக்கணும். சரி, நமக்குத் தெரியாத சமாச்சாரமான்னு மொறை வெச்சுட்டேன்.

மொறைன்னா தெரியுமுங்களா? நீங்க எந்த ஊரு? மெட்ராஸா. அப்பத் தெரியாது. எங்க பக்கம், கோபிக்கு அந்தப்பக்கம், ஒரு கெணத்துல ரெண்டு மூணு பங்காளிங்களுக்குப் பங்கு இருக்கும். இன்னைக்கு ஒருத்தரு தண்ணி பாய்ச்சுனா நாளைக்கு இன்னொருத்தரு. என்ற மொறைல நீ மடையத் தொறக்கக் கூடாது, உன்ற மொறைல நான் மோட்டாரைப் போடக் கூடாது. எங்கய்யனும் சித்தப்பனும் அப்படித்தான் வெச்சிருந்தாங்க. ஒரு தடவை சித்தப்பன் மொறையன்னைக்கு நாள் பூராவும் கரண்டு இல்லை. வந்து கேட்டாரு, அண்ணா, நாளைக்கு எனக்கு விடு, அதுக்கு மறுநாள் நீ எடுத்துக்கன்னு. மஞ்சள் காயுதுன்னாரு. எங்கய்யன் ஆகாதுன்னுட்டாரு. மொறைய ஒருக்கா மாத்திட்டா அப்புறம் மொறைன்னே ஒண்ணு இல்லைன்னாரு. அது நாயந்தானுங்களே. மஞ்சள் காஞ்சு போச்சு. அதுல இருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எங்கய்யன் தவறுனதுக்கும் சித்தப்பன் வரலை. இப்பக் கெணத்துலயும் தண்ணி இல்லை.

எதுக்குச் சொல்றேன்னா, மொறைங்கறது எங்களுக்குப் பழக்கமானது. ரவுட்டருக்குள்ள போயிப் பாத்தேன். குழந்தைங்க கண்ட நேரத்துல நெட்டு பாக்காம இருக்கறதுக்குன்னு ஒரு வசதி குடுத்திருக்கறாங்க. பக்கத்துலயே ஒரு குழந்தைப் படமும் போட்டிருந்துச்சு. அதுல மூணு கம்ப்யூட்டருக்கும் மூணு பேரு போட்டு, போனையும் அதோடயே சேத்து, நேரம் வெச்சுட்டேன். பகல்ல இர்ஃபான். பொழுதோட ஏழுலருந்து ஒம்பது வரைக்கும் ஜெபராஜ், அப்பத்தான் ராணிக்கு டூட்டி முடியும். ஒம்பதுக்கு மேல நான். மொறை மாறுனா அதுவே தானா அடைச்சுக்கும். ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்க வேண்டியதில்லை.

இர்ஃபான் சிரிச்சான். மூணு பேரு ஒரே நேரத்துல பாக்கறதுக்குத்தாண்ணே அந்தப் பொட்டியே இருக்கு, பிரிச்சுக் குடுக்கறது அதோட வேலைண்ணே, நீங்க எதுக்கு அது வேலையப் பாக்கறீங்கன்னான். கொஞ்சம் வேகமான கனெக்சனா மாத்திக்கலாம், எல்லாரும் சேந்து போட்டுக்கலாம்னும் சொன்னான். சின்னப் பையன். இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கறது எப்படின்னு அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமுங்க.

ஒரு வருசம் ஒரு சச்சரவும் இல்லாம போச்சு. நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. ஏழு மணிக்கு நான் வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்திருப்பேன். என்ற மொறை வர்ற வரைக்கும் வேற சோலி என்ன இருக்குது? அந்த ரவுட்டர்ல வெளக்கு இருக்குதுங்களா, அதுல மூணாவது ஜெபராஜோட ஒயரு. ராணி லைனுக்கு வந்துட்டா அது மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். அப்புறம் உள்ள பேச்சுச் சத்தம் கேக்கும். நான் ஒண்ணும் காது குடுத்துக் கேக்கறதில்லை, செவுரு அப்படி. அவங்க பேசறது ஒண்ணுமில்லாத பேச்சுங்க. என்ன கொழம்பு, என்ன வெல, வெயிலு எப்படி. ஆனா ஒண்ணு, தெனமும் அந்தப் பொண்ணு, "அண்ணாச்சி சாப்ட்டாவளா?"ன்னு கேக்கும். அண்ணாச்சின்னா நாந்தான். என்னைப் பாத்ததே இல்லை. ஜெபராஜ் உள்ள இருந்தே, "ராணி கேக்குதாண்ணே, சாப்ட்டியளான்னு"ம்பான். சாப்பிட்டேன்னு சொல்லுவேன். சாப்பிடாட்டியும் சாப்பிட்டேன்னுதான் சொல்லுவேன். எதுக்கு அங்க இருந்துட்டு வெசனப்படணும்?

தண்ணி குடிக்கறீங்களா? சரி, அப்புறமாக் குடிங்க.

அப்புறம் ராணிக்கு டூட்டி மாறிப் போச்சு. நம்ம ஊரு நேரத்துக்கு ஒம்பதுக்கு மேலதான் அவளால பேச முடியும்னு ஆயிருச்சு. ஜெபராஜ் வந்து கேட்டான். அண்ணே, என் நேரத்த நீங்க எடுத்துக்கிடுங்க, உங்க நேரத்த எனக்குத் தாங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு மணி நேரம் சரியாப் போச்சுல்லான்னான். கேக்கறதுக்கு நாயமாத்தான் இருக்கும். எங்க சித்தப்பன் கேட்டதும் அப்படித்தான் இருந்துச்சு.

அதுவுமில்லாம எனக்கு அந்த நேரத்துல சோலி இருந்துச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கல்யாண சைட்டுல பேரு போட்டிருந்தேன். எங்க பக்கத்துல இப்பப் பையனுகளுக்குப் பொண்ணு கெடைக்கறது எவ்வளவு பாடுன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. காடு தோட்டம் இருந்தாலே தரமாட்டேங்கறாங்க, கெணறு வத்துனவனுக்கு யாரு தருவாங்க? பொண்ணு ஊட்டுக்காரங்க சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் கம்ப்யூட்டர்ல உக்காருவாங்க. அப்ப நம்ம பேருகிட்டப் பச்சையா ஒரு புள்ளி இருக்கணும், இல்லாட்டி ஆளு இல்லைன்னு தாண்டிப் போயிருவாங்க. அதனால தெனமும் ஒம்பதுக்கு உக்காந்துருவேன். யாரும் வர்றதில்லை. ஆனா உக்காந்திருப்பேன். தனக்கு மிஞ்சித்தானுங்களே தானமும் தருமமும்.

ஆகாதுப்பான்னு சொல்லிட்டேன். அவன் சரிண்ணேன்னுட்டான். அவன் மூஞ்சில கோவம் எல்லாம் ஒண்ணும் இல்லை. ஒம்பதானா போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போயிருவான். தொட்டிகிட்ட நின்னு பேசுவான். மொகம் பாக்கற அளவுக்கு அங்க எடுக்காது, வெறும் பேச்சுதான். ஏழுலருந்து ஒம்பது வரைக்கும் நெட்டு சும்மா கெடக்கும். மூணாவது வெளக்கு சும்மா எரிஞ்சுட்டு இருக்கும், மினுக்காது. நீ பாக்காட்டி நான் பாத்துக்கறேன்னு அந்த நேரத்தை நான் எடுத்தனா? இல்லீங்க. ஒரு நாள்கூட எடுக்கலை. இர்ஃபானைக் கேட்டாலும் சொல்லுவான்.

பொரட்டாசி முடிஞ்சு மழை புடிச்ச சமயம். எனக்கு ஒரு எடம் வந்துச்சுங்க. பெருந்துறைப் பொண்ணு, ஸ்கூல்ல டீச்சரு. அவங்களாவே என்ற பேரைப் பாத்துட்டுக் கேட்டிருந்தாங்க. அத்தனை நாள்ல அதுதான் மொதோ தடவை. நேர்ல வர்றதுக்கு முன்னாடி வீடியோல ஒருக்காப் பாத்துக்கலாம்னு பொண்ணோட அண்ணன் சொன்னாரு. ஒம்பதரைக்குன்னு சொன்னாரு. நல்ல வேளை, என்ற மொறை. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுட்டு, பின்னாடி செவுத்துல காலண்டரைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்தேன்.

வந்தாங்க. அண்ணன், அம்மா, நடுவுல அந்தப் பொண்ணு. தெளிவாத் தெரிஞ்சுது. மொறை வெச்சதோட அருமை அப்பத்தான் தெரியுமுங்க. ஒரு எடத்துலகூட நிக்கலை. வேலையப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். தோட்டத்தைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். பொண்ணு ஒண்ணும் பேசலை, ஆனா பாத்துட்டு இருந்துச்சு. எனக்கு இங்க நெஞ்சுல ஒரு மாதிரி சந்தோசமா இருந்துச்சுங்க. அப்பப் பாத்துக் கதவைத் தட்டறான்.

ஜெபராஜ்தான். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் தாங்கண்ணே. ராணி அழுதுட்டு இருக்கா. மாடில மழைண்ணே."

நான் எந்திரிக்கலை. எப்படிங்க எந்திரிக்கறது? மறுக்காத் தட்டறான். பொண்ணோட அண்ணன், யாருங்க அதுன்னு கேட்டாரு. கூட இருக்கற பையன்ங்க, மொறை தெரியாம வந்து தட்டறான்னு சொன்னேன். அப்ப அந்தப் பொண்ணு மொதோ தடவையா வாயைத் தொறந்துச்சு. "என்னன்னு கேட்டுட்டு வாங்களேன். நாங்க இருக்கறோம்"னுச்சு. நல்ல கொரலு. நான், அதெல்லாம் வேண்டாமுங்க, இப்ப என்ற மொறை, மொறைன்னா மொறைதானுங்கன்னேன். நம்ம கட்டு திட்டமான ஆளுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன். பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம் ரெண்டு வார்த்தை பேசிட்டு, சொல்லி அனுப்பறோம்னு அண்ணன் சொன்னாரு. அதோட சரி. சொல்லி அனுப்பலை. நான் கேட்டு அனுப்புனதுக்கும் பதில் இல்லை.

அன்னைக்கு அவன் வந்து தட்டாம இருந்திருந்தா அந்த எடம் கூடி வந்திருக்குமுங்க. நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை. ஆனா நெனைச்சா ஆறலை.

அவனா? மழைலயே மாடிக்குப் போயிருக்கறான். இர்ஃபான் பின்னாடியே போயிக் கொடை புடிச்சிருக்கறான். ரெண்டு பேரும் அந்தத் தொட்டிகிட்ட நின்னு, இவன் பேச அவன் கொடை புடிக்க, பாதில போன்ல தண்ணி எறங்கி அணைஞ்சு போச்சாம். காலைல பாத்தா படியெல்லாம் ஒரே சேறு. நாந்தான் தொடைச்சேன். ஜெபராஜைக் காணோம். இர்ஃபான்தான் சொன்னான், ராணியோட அம்மா தவறிட்டாங்க, ஜெபா ஊருக்குப் போயிருக்கான்னு. முந்துன நாள் பொழுதோட உசிரு போயிருக்குது. அந்தப் பொண்ணுக்கு லீவு தரமாட்டேன்னுட்டாங்களாம். அங்க தனியா இருந்துட்டு, புருசன் மொகத்தை ஒருக்காப் பாத்தாப் போதும்னு கூப்பிட்டிருக்குது.

எனக்கு எப்படிங்க தெரியும்? ராணி அழுவுதுன்னுதான் சொன்னான். பொம்பளைங்க அழுவாங்க. எதுக்கு அழுவுதுன்னு அவன் சொல்லலை, நானும் கேக்கலை. இர்ஃபான் சொல்லிட்டு என்னையே பாத்துட்டு நின்னான். அப்படியான்னேன். கம்பெனிக்கு நேரமாச்சு, கெளம்பிப் போயிட்டேன்.

காரியம் முடிஞ்சு ஜெபராஜ் வந்தான். வந்து துணிமணியெல்லாம் எடுத்து வெச்சான். கம்ப்யூட்டரைக் கழட்டினான். ஒயரை மட்டும் கழட்டலை, அது நான் இழுத்ததுங்கறதால நுனியச் சுருட்டிச் செவுத்தோரமா வெச்சான். ஒழுக்கமான பையன். போகும்போது என்ற ரூம் வாசல்ல வந்து நின்னான். கும்புட்டான்.

"அண்ணே, உங்க மொறைல குறுக்க வந்துட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

அப்படித்தான் சொன்னானுங்க. தப்பை அவனே ஒத்துக்கிட்டான் பாருங்க. நானும் பரவால்லப்பா, விடுன்னுட்டேன். ராணி எப்படி இருக்குதுன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள ஆட்டோ வந்துருச்சு.

இர்ஃபான் அடுத்த மாசம் போனான். சண்டையெல்லாம் இல்லை. ஜெபா இல்லாம வீடு ஒரு மாதிரி இருக்குண்ணேன்னான். இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல கணபதிங்கற எடத்துல ஒண்ணாத்தான் இருக்கறாங்களாம். அங்க மொறை வெச்சிருக்கறாங்களா என்னன்னு தெரியலை.

அதுல இருந்து இந்த ஊடு இப்படித்தானுங்க கெடக்குது, சத்தமே இல்லாம. ஆளு வேணுமுங்க. ஊட்டுக்காரம்மாவும் கேட்டுட்டே இருக்குது. உங்களுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேரு வந்தாங்க. ரூம் நல்லா இருக்குதுன்னாங்க, போன் பண்றேன்னாங்க. போன் பண்ணி என்னங்க பண்றது, உள்ளதான் டவர் எடுக்காதே. பண்ணியிருப்பாங்க.

என்ன, கெளம்பறீங்களா? வைஃபைக்காகங்களா? இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கலை. உங்களுக்கு இர்ஃபானோட மொறையத் தர்றேன், பகல் பூராவும் உங்களுது. பகல்ல ஆபீஸுல இருப்பீங்களா. ஆமா, அது ஒண்ணு இருக்குது.

ஆளே இல்லாதவனுக்கு எதுக்கு ரெண்டு மணி நேரம், அதை எனக்குத் தொறந்து விட்டுருங்கங்கறீங்க. போன தடவை வந்தவரும் இதையேதான் கேட்டாரு. அதைத் தொடறதில்லைங்க. ரவுட்டர்ல அந்தப் பேரை அழிக்கறதுக்கு ஒரு பட்டன் போதும், எனக்குத் தெரியும். ஏழு மணியானா நான் இங்க வந்து உக்காந்துருவேன். அது ஜெபராஜோட மொறை. மூணாவது வெளக்கு எரியறதில்லை. இருந்தாலும் பாத்துட்டு உக்காந்திருப்பேன். சாப்பாடு ஒம்பதுக்கு மேலதான். முன்னாடியே சாப்பிட்டாலும் கேக்கறதுக்கு ஆளில்லை, சாப்பிடாட்டியும் கேக்கறதுக்கு ஆளில்லை.

உங்களுக்கு ராத்திரிக்கு நெட்டு வேணும், அவ்வளவுதானுங்களே? ஒம்பதுக்கு மேல என்ற மொறைய எடுத்துக்குங்க. நெசமாத்தான் சொல்றேன். முழுசா எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம். அந்தச் சைட்டுல இருந்து பேரை எடுத்துட்டேன், எனக்கு இனிமே அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஜெபராஜோடதை மட்டும் கேக்காதீங்க. அடுத்தவன் மொறைய எடுத்துக் குடுக்கறதுக்கு எனக்கு என்னங்க பாத்தியதை இருக்குது?

சரிங்க. போன் பண்ணுங்க. நான் மாடில தொட்டிகிட்ட நிக்கறேன்.